சம்பந்திக்கு விட்டுக்கொடுத்த பந்துகள்

மகள் கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் சம்பந்தி போன் செய்தார். "ஞாயித்துக்கெழம காலையில சும்மாத்தானுங்களே இருப்பீங்க? நம்ம காட்டுக்கு வாங்க, கோல்ஃப் வெளையாடலாம்" என்றார்.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் பல் வைத்தியம் பார்க்கிறவன். முப்பது வருஷமும் ஒரே அறைக்குள் குனிந்து நின்றே போய்விட்டது. கோல்ஃப் என்பது டிவியில் வேறு சேனல் தேடும்போது நடுவில் வந்து போகிற ஒன்று. யாரோ ஒருவர் புல்லை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் அடுத்த சேனலுக்குப் போய்விடுவேன். ஆனால் கூப்பிட்டது மாப்பிள்ளையின் அப்பா. பெண்ணைக் கொடுத்தவன் மூன்றாவது வாரத்திலேயே, எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை என்று சொல்ல முடியுமா? "வந்துட்டாப் போச்சுங்க" என்றேன். வேட்டியா பேண்ட்டா என்று மனைவி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பேண்ட் போட்டு, காரில் ஒரு வேட்டியும் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சம்பந்தி திருச்செங்கோட்டில் ரிக் வண்டி முதலாளி. அவருடைய போர்வெல் வண்டிகள் வடக்கே மாநிலம் மாநிலமாகப் போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. அப்படி ஓர் ஊரில் கோல்ஃப் மைதானம் ஒன்றுக்கு ஆழ்துளைக் கிணறு போடப் போனவர், ஒரு சாமான் உடைந்து புதுசு வந்து சேரும்வரை பத்து நாள் சும்மா உட்கார வேண்டி வந்தது. அந்த மைதானத்து மேனேஜர் பொழுது போகட்டும் என்று கையில் ஒரு கோலைக் கொடுத்திருக்கிறார். ஊர் திரும்பியதும் ஆட்டையாம்பட்டிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருந்த பன்னிரண்டு ஏக்கர் மானாவாரிக் காட்டில் ஆறு குழி வெட்டி, ஆறு கொடி நட்டுவிட்டார்.

பந்தை உருட்டிக் குழியில் விடுகிற கடைசி இடத்துக்குப் பெயர் கிரீன். பேருக்கு ஏற்றாற்போல் அங்கே மழமழவென்று புல் இருக்க வேண்டும். புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் தன் காட்டில் ஐந்து இடத்தில் போர் போட்டார். ஐந்திலும் புழுதிதான். கடைசிக் குழி ஆயிரத்து நூறு அடி. அதற்கப்புறம் மணலைச் சலித்து, ரிக் ஷெட்டில் டிரம் டிரம்மாகக் கிடந்த பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து, வட்டமாகக் கொட்டி உருளை போட்டு இறுக்கிவிட்டார். எங்கள் கிரீன் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற லாரிப் பட்டறை வாசம் அடிக்கும்.

"வடக்க நெறைய எடத்துல இப்படித்தான் சார். அங்க பிரவுன்னு சொல்லுவாங்க" என்றார் அங்கே நின்றிருந்த ஒருவர். அவர்தான் சுபேதார். ராணுவத்தில் இருந்தபோது ஏதோ ஒரு கன்டோன்மென்ட் மைதானத்தைப் பல வருஷம் பராமரித்தவர். ஓய்வு பெற்று ஆட்டையாம்பட்டியில் குடியிருந்தார். மொபெட்டில் ஃபிளாஸ்க்கோடு வருவார். காடு சம்பந்தியுடையது, சட்டம் சுபேதாருடையது. ஆட்டத்துக்கு ஆள் நாங்கள் மூன்று பேர்தான்.

முதல் நாள் என் பந்து எப்படியோ பத்துப் பன்னிரண்டு தடவை அடித்து முதல் கிரீனுக்கு வந்து சேர்ந்தது. சம்பந்தியின் பந்து ஏற்கெனவே அங்கே இருந்தது.

"நீங்க மொதல்ல அடிங்க சம்பந்தி" என்றேன்.

"அதெப்படிங்க? எங்க எடத்துக்கு வந்திருக்கீங்க. நீங்க அடிங்க."

"இல்லீங்க, நீங்க இருக்க நான் அடிச்சா நல்லாவா இருக்கும்?"

"அட, அடிங்க சம்பந்தி."

இது கொஞ்ச நேரம் நடந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று நாங்கள் பேசிக்கொண்டதும் இதே அளவுக்குத்தான் இருக்கும். சுபேதார் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "குழிக்கு எந்தப் பந்து தூரமோ அது மொதல்ல. இங்க சம்பந்தி, மாமன், மச்சான் கணக்கெல்லாம் கெடையாது சார்."

தூரத்தில் இருந்தது சம்பந்தியின் பந்து. அவர் அதைத் துடைக்கவென்று எடுத்தவர், நான் முதலில் அடிக்கட்டும் என்று கை நழுவினாற்போல் என் பக்கம் உருட்டிவிட்டார். நான் விடுவேனா? பந்தைப் பொறுக்கி, இரண்டு கையாலும் ஏந்தி, நேராக நடந்துபோய் அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். இருவரும் என் காலடியைப் பார்ப்பது அப்போதுதான் தெரிந்தது. எண்ணெய் மணலில் என் ஷூ தடம் போக ஏழு, வர ஏழு. அவர் பந்து இருந்த இடத்துக்கும் குழிக்கும் நடுவில், அச்சுக் குத்தியது மாதிரி.

"இன்னொருத்தர் பந்து போற பாதையை மிதிக்கக் கூடாது டாக்டர்" என்றார் சுபேதார் மெதுவாக. "இந்த வெளையாட்டுல இதுதான் பெரிய தப்பு."

"பரவால்லீங்க" என்றார் சம்பந்தி. அங்கே தடத்தை இழுத்துச் சமன் செய்ய, குழாயில் கட்டிய ஒரு பழைய ஜமக்காளம் கிடந்தது. அதை எடுத்தால் நான் மிதித்ததைக் குத்திக் காட்டினாற்போல் ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, எடுக்காமலே அடித்தார். பந்து நேராக வந்து என் குதிகால் பள்ளத்தில் இறங்கி ஏறி, குழியைப் பார்க்காமல் வேறு பக்கம் போனது. "பரவால்லீங்க" என்றார் மறுபடியும்.

அடுத்த குழியில் என் நிழல் அவர் பந்தின்மேல் விழுந்தது. "நிழலை எடுங்க டாக்டர்" என்றார் சுபேதார். ஐம்பத்தெட்டு வயதில் நிழலுக்கும் சேர்த்து ஒழுக்கம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நான் நகர்ந்த அவசரத்தில் கையிலிருந்த கொடிக் கம்பைக் கீழே போட்டேன், சரியாக அவர் அடிக்கிற நேரத்தில். அதற்கும் பரவாயில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொத நாளே மிதிச்சுட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க எந்தப் பல்லைப் பார்த்தாலும் அந்தப் பதினாலு தடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மகள் அந்த வீட்டில் இருக்கிறாள். அங்கே என்ன பேசியிருப்பார்கள்? "உங்கப்பாவுக்கு எங்க நடக்கறதுன்னே தெரியலையே கண்ணு" என்று சாப்பிடும்போது யாராவது சிரித்திருப்பார்களா? போன் செய்து கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சுபேதார் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். இரண்டு பேர் எதிரெதிராக ஆடும்போது, ஒருவர் பந்து குழிக்கு மிகவும் பக்கத்தில் இருந்தால், மற்றவர் "எடுத்துக்கங்க" என்று சொல்லிவிடலாம். அடிக்க வேண்டியதில்லை, குழியில் விழுந்ததாகவே கணக்கு. "எப்படியும் போட்டுடுவீங்க, எதுக்குச் சிரமம்னு ஒரு மரியாதை சார். ஆனா ஒண்ணு, குடுத்தா குடுத்ததுதான். குடுத்தவர் திருப்பி வாங்க முடியாது. வாங்கினவரும் வேண்டாம்னு சொல்ல முடியாது."

எனக்கு அந்த விளையாட்டின்மேல் மரியாதை வந்தது அப்போதுதான். விட்டுக்கொடுப்பதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பெண்ணின் அப்பா ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அன்றைக்கே தொடங்கினேன். சம்பந்தியின் பந்து குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "எடுத்துக்கங்க சம்பந்தி" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஒரு கையால் பந்தை எடுத்தார். எனக்கும் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கியது. அடுத்த வாரம் ஒன்றரைச் சாண். தீபாவளிக்கு முன்னால் ஒரு முழம். பொங்கல் வந்தபோது ஒரு ஆள் கையை நீட்டிப் படுக்கலாம், அந்தத் தூரத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், அது குடுக்கற தூரமா?" என்று சுபேதார் ஒரு நாள் கேட்டார்.

"குடுத்துட்டேனுங்க."

"குடுத்துட்டீங்க. சரி." அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டார்.

சம்பந்தி எனக்கு ஒரு பந்தையும் கொடுத்ததில்லை. கஞ்சத்தனம் இல்லை, அவருக்கு அது தோன்றவில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தோன்றாமல் போகிற விஷயங்கள் சில உண்டு. என் பந்து குழியின் விளிம்பில் நின்றாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ம், போடுங்க சம்பந்தி" என்பார். நான் குனிந்து போடுவேன். பல் வைத்தியனுக்குச் சின்ன இடத்தில் கை நடுங்காது. அதனால் பெரும்பாலும் விழுந்துவிடும்.

இப்படி மூன்று வருஷம் போனது. அதற்குள் சம்பந்தி, பட்டிங்கில் தன்னை அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார். கிரீனில் பந்தை உருட்டுகிற கோலுக்குப் பட்டர் என்று பெயர். கோயில் பட்டரை விட இதற்கு அவர் அதிக மரியாதை கொடுத்தார். காரில் ஏறினால் மடியில்தான் வைத்துக்கொள்வார். ரிக் ஷெட்டில் டிரில்லர்களைக் கூப்பிட்டு வைத்து, மணிக்கட்டை எப்படிப் பூட்டுவது என்று சொல்லிக் கொடுத்ததாக மாப்பிள்ளை சொன்னார். மூன்று அடிக்குள் இருந்த ஒரு பந்தையும் அவர் அந்த முதல் பொங்கலுக்கு அப்புறம் அடித்ததில்லை என்பது எனக்கும் சுபேதாருக்கும் மட்டும் தெரியும்.

நான் அதைப் பொய்யாக நினைக்கவில்லை. கல்யாணத்துக்குச் செய்த சீரில் விட்டுப்போனதை வாரா வாரம் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு மகள் காட்டுக்கு வந்தாள். அவள் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணமான ஆறாவது மாதமே மாமனாரின் ஆபீசில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது, எதற்கு என்ன சாமான் போக வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்திருந்தாள். அன்றைக்கு ஏதோ ஒரு தாளில் அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. இரண்டு நாளாக அவர் பிடி கொடுக்கவில்லையாம். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மூன்றாவது கிரீன் ஓரம் வந்து நின்றாள்.

சம்பந்தியின் பந்து குழியிலிருந்து நாலடியில் இருந்தது. "எடுத்துக்கங்க சம்பந்தி" என்றேன் பழக்கத்தில்.

"மாமா, அத அடிங்க, பாக்கலாம்" என்றாள் மகள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பந்தி சிரித்துக்கொண்டே பந்தை எடுத்துப் பையில் போட்டார். "குடுத்தத வேண்டாங்கக் கூடாது கண்ணு. ரூலு."

"சரிங் மாமா. இதுல கையெழுத்துப் போடுங்க."

"அந்தப் பழைய வண்டிய ஓடற வரைக்கும் ஓட்டலாங் கண்ணு. அது எனக்கு ராசி."

"போன மாசம் நாலு தடவ நின்னுருக்குங் மாமா. பசங்க வெயில்ல கெடக்கறாங்க. உங்க ராசிக்கு அவங்க எதுக்குங் மாமா கஷ்டப்படோணும்? வித்துட்டு வேற எடுக்கலாம். இல்லீன்னா நாளையிலிருந்து அந்த வண்டி போனெல்லாம் நீங்களே எடுங்க."

நான் கொடிக் கம்பைப் பிடித்தபடி நின்றேன். மாமனாரிடம் பேசுகிற பேச்சா இது? என் மூன்று வருஷ உழைப்பும் மூன்று நிமிஷத்தில் போகிறதே என்று பட்டது. சம்பந்தி தாளை வாங்கி, பட்டர் பிடியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "உங்க பொண்ணு பாறையில அடிச்சாலும் எறங்கிருமுங்க" என்றார் என்னிடம். அதில் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

ஸ்கூட்டி வரைக்கும் மகளோடு நடந்தேன். "ஏஞ் சாமி, அப்படியா பேசறது?" என்றேன்.

"எப்படி?"

"கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போகலாமில்ல."

அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஏம்ப்பா, நீங்க அவருக்குக் குடுக்கறதெல்லாம் எனக்காகவா?"

நான் ஸ்கூட்டி கண்ணாடியில் இருந்த புழுதியைத் துடைத்தேன்.

"அந்த ஊட்டுல நான் தப்புன்னா தப்புன்னு சொல்லிருவேன். அவரும் சொல்லிருவாரு. அதனாலதான் என்னைய ஆபீசுல உக்கார வெச்சிருக்காரு. எனக்காகன்னா வேண்டாங்ப்பா." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒருவருக்கு மூன்று வருஷம் விட்டுக்கொடுத்துவிட்டுத் திடீரென்று ஒரு ஞாயிறு வாயை மூடிக்கொண்டு நின்றால், அது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்காதா? எப்படி நிறுத்துவது என்று தெரியாமலே இன்னும் ஐந்தாறு மாதம் கொடுத்தேன்.

அப்போதுதான் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் வெளியாட்களும் கலந்துகொள்ளலாம் என்று ஒரு போட்டி வைத்தார்கள். சம்பந்தி எங்கள் மூவர் பேரையும் கொடுத்துவிட்டார். விடியக் காலையில் அவருடைய காரில் போனோம். அங்கே நிஜமான கிரீன். புல் பச்சைக் கம்பளம் மாதிரி இருந்தது. எங்கள் மூவரோடு அந்த ஊர்க்காரர் ஒருவரையும் சேர்த்து நால்வராக அனுப்பினார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட மிகவும் தன்மையான மனிதர். யாராவது தும்மினால்கூட 'சாரி' சொல்லுகிற ரகம்.

முதல் கிரீனில் சம்பந்தியின் பந்து குழியிலிருந்து இரண்டடியில் நின்றது.

"எடுத்துக்கங்க சம்பந்தி" என்றேன்.

அவரும் எடுத்துவிட்டார்.

வெள்ளைத் தொப்பிக்காரர் தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும் சார். இன்னிக்கு ஒவ்வொரு அடியும் கணக்கு. யாரும் யாருக்கும் குடுக்க முடியாதுங்க. நீங்க எடுத்ததுக்கு ஒண்ணு கூட்டிக்கணும். அங்கேயே வெச்சு அடிச்சு முடிச்சிடுங்க, ப்ளீஸ்." சொன்னவர் முகமே சிவந்துவிட்டது. சுபேதார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டியில் கொடுப்பது கிடையாது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? காரில் வரும்போதே சொல்லியிருந்தார். என் வாய்தான் முந்திக்கொண்டது.

சம்பந்தி பந்தை வைத்தார். மணிக்கட்டைப் பூட்டினார். அடித்தார். பந்து குழியைத் தாண்டி நாலடி ஓடியது. திரும்பி அடித்தார், மறுபடி ஒரு அடி தள்ளி நின்றது. மூன்றாவதாகத்தான் விழுந்தது.

"பேட் லக் சார்" என்றார் வெள்ளைத் தொப்பிக்காரர்.

அன்று பதினெட்டுக் குழி. அவர் பதினேழு தடவையாவது பேட் லக் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அதே அக்கறையோடு. கிரீனில் இன்னொருவர் தவறவிடும்போது நேராகப் பார்க்கக் கூடாது என்பதால் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு திசையில் மரத்தைப் பார்த்தபடி நின்றோம். பந்து உருளுகிற சத்தம் கேட்கும். விழுகிற சத்தம் கேட்காது. அந்த அமைதியில் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாதி ஆட்டத்துக்குமேல் சம்பந்தி வெள்ளைத் தொப்பிக்காரரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து ஒன்றடி, இரண்டடிப் பந்துகளைப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். சம்பந்தி கடைசி. அத்தோடு போயிருந்தால் தேவலை. அன்றைக்குக் கிரீனில் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவர் என்று ஒரு பரிசு வைத்திருந்தார்கள். அதை எனக்குக் கொடுத்தார்கள். மூன்றரை வருஷம் யாரும் ஒரு பந்தைக்கூட விட்டுக்கொடுக்காததால், சின்ன தூரத்துப் பந்தை அடித்து அடித்தே எனக்குக் கை பழகியிருந்தது. பழக்கிவிட்டவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். பரிசு ஒரு பெரிய ஹாட்பாக்ஸ். வண்டியில் பின்னால் வைக்க இடமில்லாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

பெருந்துறை தாண்டியாயிற்று. சங்ககிரி மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சம்பந்தி கேட்டார். "ஏனுங் சம்பந்தி. இத்தன நாளா நீங்க எனக்குக் குடுத்தீங்களே, அதெல்லாம் அடிச்சா விழுந்துரும்னு நெனச்சுத்தானுங்களே குடுத்தீங்க?"

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி யோசித்தேன். அந்த யோசனையே அவருக்குப் பதிலாகப் போதுமானதாக இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

"சரிங்க" என்றார்.

பின்சீட்டில் சுபேதார் தூங்குவதாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மகளின் குழந்தைக்கு, எங்கள் பேத்திக்கு, காது குத்துகிற விசேஷத்தில் பார்த்தோம். "வாங்க டாக்டருங்க. உக்காருங்க டாக்டருங்க. சாப்பிட்டீங்களா டாக்டருங்க" என்றார். எங்கள் பக்கம் எல்லா வார்த்தையிலும் 'ங்க' போடுவோம், அதனால் மரியாதை கூடிப்போனாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. சம்பந்தி என்ற ஒரு வார்த்தையை மட்டும் அவர் எடுத்து வைத்துவிட்டார். பந்தியில் என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார். பக்கத்தில் நின்று இலையைப் பார்த்துப் பார்த்துக் கவனித்தார். அவ்வளவு அவமானப்பட்டு நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

"நேராப் போயிப் பேசுங்க" என்றாள் மனைவி. மகளும் போனில் அதையேதான் சொன்னாள். "அவரு கோவத்துல இல்லீங்ப்பா. தெனமும் சாயங்காலம் ஷெட்டுல மணலக் கொட்டி ஒரு அடியில பந்து வெச்சு அடிக்கிறாரு. நூறு விழுந்தாத்தான் ஊட்டுக்கு வாராரு." அதைக் கேட்ட பிறகு இன்னும் தைரியம் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து அவரே வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் என் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு, காத்திருக்கிறவர்களோடு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப் போய்க் கூப்பிட்டதற்கு, "என்ற முறை வரட்டுமுங்க" என்றார். ஏழாவது ஆளாக உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். கீழ்க் கடைவாயில் ஒரு பல் வேர் வரைக்கும் போயிருந்தது. எத்தனை நாளாக வலியோடு இருந்தாரோ.

"இத எடுக்கணுமுங்க" என்றேன்.

"வெச்சுக் காப்பாத்த முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"இதுல நான் பொய் சொல்றதில்லீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அதுல சொன்னீங்க" என்றார்.

மரத்துப்போகிற ஊசியைப் போட்டேன். அது வேலை செய்யும்வரை சும்மா இருக்க வேண்டும். அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கத்து உதடு தொங்க, வார்த்தை குழறக் குழறப் பேசினார். "நீங்க கெட்ட எண்ணத்துல செய்யிலீங்க. தெரியுமுங்க. ஆனா என்ற தொழில்ல, பாறை வந்தாப் பாறைன்னு சொல்லிப்போடோணும். இன்னும் நூறடி போங்க, தண்ணி வருமுங்கன்னு பக்கத்துல நின்னு சொல்றான் பாருங்க, அவனாலதான் ஊர்ல பாதிப் பேரு கெட்டது. நீங்க மூணு வருசம் எனக்கு அதத்தான் சொல்லீட்டிருந்தீங்க."

"தப்புத்தானுங்க" என்றேன். "பொண்ணக் குடுத்த எடம். ஏதாவது மனசுல வெச்சுக்குவீங்களோன்னு..."

"உங்க பொண்ணு என்னையக் கண்டு ஒரு நாளும் பயந்ததில்லீங்க. நீங்க எதுக்குங்க பயந்தீங்க?"

மரத்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துவிட்டுப் பல்லைப் பிடுங்கினேன். சுலபமாக வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தும் கையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார். பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பேசக் கூடாது என்றேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே விரலால் காற்றில் கோல் அடிக்கிற மாதிரிக் காட்டி, ஞாயிறு என்று தலையை ஆட்டினார்.

மறுபடியும் ஆட ஆரம்பித்தோம். இனி யாரும் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். சுபேதார் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் ஃபிளாஸ்க் மூடியில் எனக்கும் டீ ஊற்றினார். கேட்க எளிதாகத்தான் இருந்தது. சம்பந்தி ஒரு சாண் தூரத்துப் பந்துக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக் குனிந்திருக்கும்போது, இரண்டடி தள்ளி, நிழல் விழாமல், இருமாமல், வாயைத் திறக்காமல் நிற்பது இருக்கிறதே, அதை நான் பழக ஒரு வருஷம் ஆயிற்று. 'எடுத்துக்கங்க' என்பது நாக்கு நுனி வரைக்கும் வரும். எச்சிலை விழுங்குவேன். அந்தச் சத்தத்துக்கே சுபேதார் திரும்பிப் பார்ப்பார். சம்பந்தி தவறவிட்டால் நாங்கள் பேட் லக் சொல்வதில்லை. "ம்" என்பார் அவர். நாங்களும் "ம்" என்போம்.

ஷெட்டில் நூறு நூறாக அடித்ததற்குப் பலன் இருந்தது. போகப் போக அவர் பந்துகள் விழ ஆரம்பித்தன. சித்திரை மாதத்து ஒரு காலையில், ஐந்து குழி முடிந்து இருவரும் சமமாக வந்து நின்றோம். ஆறாவது கிரீனில் அவர் முடித்துவிட்டார். என் பந்து குழியிலிருந்து ஒரு முழத் தூரத்தில், லேசான சரிவில் இருந்தது. அதைப் போட்டால் ஆட்டம் எனக்கு. போட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு நாளில் அந்த மனிதரை ஜெயிக்க வேண்டும் என்று நான் ஒரு தடவையாவது நினைத்தது அன்றைக்குத்தான். பின்னால் போய்ப் பார்த்தேன், முன்னால் போய்ப் பார்த்தேன். மணல் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கண்டுபிடித்துவிட்டேன். கோலைப் பந்துக்குப் பின்னால் வைத்தேன்.

"எடுத்துக்கங்க சம்பந்தி" என்றார் அவர்.

நிமிர்ந்து பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"குடுக்கறதில்லீன்னு பேசியிருக்கமுங்களே" என்றேன். "நான் போட்டே பாக்கறனுங்க."

சம்பந்தி சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் கொஞ்சம் யோசித்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசினது உங்களுக்குள்ள. ரூல்படி குடுத்துட்டா வேண்டாம்னு சொல்ல முடியாது டாக்டர். நீங்க ஜெயிச்சாச்சு."

குனிந்து பந்தை எடுத்தேன். கன்னத்தில் சூடு ஏறியது. எனக்குக் கண் தெரியாதா, கை வராதா, இந்த ஒரு முழத்தைப் போட மாட்டேனா? ஜெயித்துவிட்டுக் கோபத்தோடு நின்றது எனக்கே வேடிக்கையாக இருந்தது. மூன்றரை வருஷம் அவருக்கு நான் இதைச் செய்திருக்கிறேன், வாரா வாரம், ஒரு ஆட்டத்துக்கு ஐந்தாறு தடவை. அவருக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்த பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வந்து விழுந்திருக்கும்.

தொப்பியைக் கழற்றிக் கை கொடுத்தார். முகத்தைப் பார்த்தேன். கேலி எதுவும் இல்லை. நன்றாகத்தான் கை கொடுத்தார். வேண்டுமென்றே செய்தாரா, அவருக்கும் முதன்முதலாகத் தோன்றித்தான் கொடுத்தாரா என்று தெரியவில்லை. வீட்டில் மனைவியிடம் கேட்டேன். "குடுத்தா வாங்கிக்குங்க. அவரு இத்தன நாளா வாங்கிக்கலீங்களா?" என்றாள்.

இப்போது ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். சுபேதார் தன் பட்டரைக் குழியிலிருந்து நீட்டிப் படுக்க வைப்பார். அதன் பிடி தொடங்குகிற இடத்துக்குள் பந்து இருந்தால் கொடுக்கலாம், ஒரு விரல் வெளியே போனாலும் கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு. போன வாரம் பிடிக்கு ஒரு விரல் வெளியே இருந்த பந்தை சம்பந்தி தவறவிட்டார். நானும் ஒன்றைத் தவறவிட்டேன். வெயில் ஏறிவிட்டதால் ஐந்து குழியோடு நிறுத்திவிட்டு, இளநீர் குடிக்க மெயின் ரோட்டுக்குப் போனோம்.